உழவாரப் பணிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கோயிலில் சைவக் குரவர் நால்வரின் சிலை வரிசையில் திருநாவுக்கரசரை (அப்பரை) அடையாளம் காண்பது எளிது. தோளில் சாய்த்த நீண்ட கோல், அதன் முனையில் தட்டையான இரும்பு அலகு. அதுதான் உழவாரம், புல் செதுக்கும் கருவி. ஏழாம் நூற்றாண்டில் அவர் ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரங்களில் அதைக் கொண்டு புல் செதுக்கினார். இன்று கோயிலைக் கூட்டுவது, கழுவுவது, செடி பிடுங்குவது, தூண் துடைப்பது எல்லாவற்றுக்கும் உழவாரப் பணி என்றே பெயர். மாதம் ஒரு ஞாயிறு கூடிப் போகிற குழுக்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன.

இந்தப் பணிக்கு உடம்பு வணங்கினால் போதும் என்று நினைத்து வருகிறார்கள். முதல் இரண்டு மாதம் அப்படித்தான் இருக்கும். மூன்றாவது மாதம் வேறொன்று முளைக்கும். ‘நாம் வரவில்லை என்றால் இந்தக் கோயில் என்னவாகியிருக்கும்’ என்ற எண்ணம் அது. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலம், அதாவது உயிரைப் பற்றிய மூன்று அழுக்கு, சொல்கிறது. அதில் மூலமலம் ஆணவம். இருட்டு மற்றப் பொருளை மறைத்தாலும் ‘இங்கே இருட்டு’ என்று தன்னையாவது காட்டும், ஆணவம் தன்னையும் சேர்த்து மறைத்துக்கொள்ளும் என்பது அந்த நெறியின் கூர்மையான கணிப்பு. ஆகவே ‘எனக்கு ஆணவம் இருக்கிறதா’ என்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ‘இல்லை’தான். வேலையை எப்படிப் பிரிக்கிறோம், யார் பெயரை எழுதுகிறோம், யாரிடம் என்ன பேசுகிறோம் என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் பணி செய்யும் முறையையும் பணிவையும் இந்தக் கட்டுரை தனித்தனியாகச் சொல்லப்போவதில்லை. புல்லைத் தவறாகப் பிடுங்குவதற்கும் ஆள் தவறாகப் பேசுவதற்கும் பல சமயம் காரணம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

போவதற்கு முன்

முதலில் அனுமதி. இந்து சமய அறநிலையத் துறைக்குக் கீழ் உள்ள கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அறங்காவலர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம் போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அந்தத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு செடியைக்கூடத் தொடக் கூடாது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கும் இப்படித்தான். கடிதத்தில் தேதி, ஆள் எண்ணிக்கை, செய்யப்போகும் வேலை, செய்யமாட்டோம் என்கிற வேலை நான்கும் இருக்கட்டும். நான்காவதைப் பலர் எழுதுவதில்லை. ‘விமானத்தில் ஏற மாட்டோம், ஆசிட் பயன்படுத்த மாட்டோம், சிலைகளை நகர்த்த மாட்டோம்’ என்ற ஒரு வரியைப் பார்த்தால் அலுவலருக்குப் பாதி பயம் போய்விடும்.

அதற்கடுத்து குருக்கள். துறையிடம் அனுமதி வாங்கிவிட்டோமே என்று அவரை விட்டுவிடாதீர்கள். ஒருகாலப் பூசை மட்டும் நடக்கிற சிறு கோயில் என்றால், அவர் சைக்கிளில் வந்து விளக்கேற்றி நைவேத்தியம் வைத்துவிட்டு அடுத்த கோயிலுக்குப் போகிறவராக இருப்பார். மெய்க்காவலரோ கூட்டுகிற அம்மாவோ இருந்தால் அவர்களிடமும் ஒரு வாரம் முன்பே போய், “ஐயா, எந்த இடத்துல வேலை வேணும்னு நீங்க சொல்லுங்க” என்று கேளுங்கள். மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் புதரில் பாம்பு இருக்கிறது, எந்தக் கதவு மக்கிப்போயிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இதை மரியாதைக்காக மட்டும் செய்கிறோம் என்று எண்ண வேண்டாம். கேட்காமல் தொடங்கும் குழு, கண்ணில் படும் முன்வாசலைப் பளபளப்பாக்கிவிட்டுப் போய்விடும். அடைபட்ட தூம்பு, அதாவது மழைநீர் போகும் வழி, அடைபட்டபடியே கிடக்கும்.

சிறிய கிராமக் கோயிலுக்கு 15 முதல் 20 பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் நின்று பேசுவார்கள். 15 பேருக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை: மண்வெட்டி 3, அரிவாள் 4, களைக்கொத்தி 6, தென்னந்துடைப்பம் 6, பூந்துடைப்பம் 2, இரும்புச் சட்டி 4, வாளி 4, பழைய சாக்கு 10, கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி, முகக்கவசம், தேங்காய் நார் ஒரு மூட்டை, சீயக்காய்த் தூள் 2 கிலோ, மலிவான பச்சரிசி மாவு 2 கிலோ. குடிநீர் ஆளுக்கு 3 லிட்டர் என்று கணக்கிடுங்கள். கோயில் கிணற்றை நம்பிப் போகாதீர்கள். முதலுதவிப் பெட்டி ஒன்று. கடப்பாரை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். புதியவர் கையில் கடப்பாரை இருந்தால் கல் பெயரும்.

சட்டை? குழுவின் பெயர் அச்சடித்த பனியன்தான் இப்போது வழக்கமாகிவிட்டது. அழுக்கானால் வருந்தாத பழைய வேட்டி, பழைய பருத்தி உடை எதுவானாலும் போதும். பனியனுக்கு ஆகும் பணத்தில் கோயிலுக்கு இரண்டு நல்ல மண்வெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு வரலாம்.

பெயர்ப்பலகை பற்றி ஒரு செய்தி. திங்களூரில் அப்பூதி அடிகள் என்ற அந்தணர் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்தார். அதற்கும், தம் பிள்ளைகளுக்கும்கூட, தாம் அதுவரை கண்ணால் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரையே இட்டிருந்தார். அந்த வழியாக வந்த நாவுக்கரசரே பந்தலைப் பார்த்து, ‘உங்கள் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை ஏன் எழுதினீர்கள்’ என்று கேட்டார். அப்பூதிக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போது நாவுக்கரசர் தம்மை அறிமுகம் செய்துகொண்ட விதம், சூலைநோய் தந்து ஆட்கொள்ளப்பட்ட, உணர்வு இல்லாத சிறுமையேன் என்பது. பெயருக்குப் பதிலாகத் தம் வயிற்றுவலியைச் சொன்னார். பதாகை அச்சடிக்கும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தில் குழுவின் பெயர் இருந்தால் போதும், சுவரில் வேண்டாம்.

வேலை பிரிக்கும் நேரம்

காலை 7 மணிக்குத் தொடங்கினால் நடை சாத்துவதற்குள் முடிக்கலாம். வந்ததும் கொடிமரத்தின் முன் ஒரு பதிகம் பாடுவது வழக்கம். ஒன்று போதும். பண் தெரிந்தவர் நான்கு பதிகம் பாடி, தெரியாதவர்கள் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாக் குழுவிலும் நடக்கிற தவறு. நன்றாகப் பாடுகிறவர் அடுத்தவர் குரலுக்கு இறங்கிப் பாட வேண்டும். உச்சரிப்பைத் திருத்துவதானால் தனியாக, பிறகு, கேட்டால் மட்டும்.

இனி வேலைப் பங்கீடு. உழவாரப் பணியில் ஆணவம் முதலில் உட்காரும் இடம் இதுதான். சந்நிதிக்கு அருகில் உள்ள வேலை உயர்ந்தது, மதிலுக்கு வெளியே உள்ள வேலை தாழ்ந்தது என்று யாரும் சொல்லாமலே ஒரு வரிசை உருவாகிவிடும். பழைய ஆட்கள் அர்த்த மண்டப வாசலில் தூண் துடைப்பார்கள், புதியவர் கழிவறைப் பக்கம் போவார். இதைத் தலைகீழாக்குங்கள். அதிக நாள் வருகிறவருக்குத்தான் கழிவறை, சாக்கடை, மடைப்பள்ளிக் கழிவுநீர்த் தொட்டி. வேலைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பது இன்னும் நல்லது. ஆனால் எடுத்த சீட்டை மாற்றிக்கொள்ள விடக் கூடாது.

இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பணிவு என்ற பெயரில் ஒருவரைத் தாழ்ந்த வேலைக்கு அனுப்புவதும், அவராகவே அதை எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. சாதி பார்த்து வேலை பிரிக்கிற குழு பணிவைப் பற்றிப் பேசவே தகுதியற்றது. சாத்திரம் பல பேசுகிறவர்களைப் பார்த்து, கோத்திரமும் குலமும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டவர் உழவாரம் பிடித்த அதே நாவுக்கரசர்தான். வாரம் முழுக்கச் சாக்கடை அள்ளிப் பிழைக்கிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழுவுக்கு வந்தால், அவர் கையில் பூக்கூடையைக் கொடுங்கள். அவருக்குச் சாக்கடை சீட்டு வராதபடி முன்பே எடுத்து வைத்துவிடுவது குழுவை நடத்துகிறவரின் கடமை.

கருவறைக்குள் பணி செய்ய நமக்கு இடமில்லை. அது குருக்களின் வேலை. பஞ்சலோகத் திருமேனிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் கூடாது. தேய்க்கத் தேய்க்க முகத்தின் நுண்மை அழிந்துபோகும்.

புல், செடி, மரம்

தளக்கல் இடுக்கில் உள்ள புல்லைக் காய்ந்த தரையில் பிடுங்கினால் தண்டு அறுந்து கையோடு வரும், வேர் உள்ளேயே நிற்கும். இரண்டு வாரத்தில் முன்பைவிட அடர்த்தியாக முளைக்கும். முதல்நாள் மாலையே தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்யுங்கள், அல்லது தொடங்கும் முன் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். களைக்கொத்தியின் முனையை இடுக்கில் சாய்வாக இறக்கி, வேரின் அடியைத் தளர்த்தி, பிறகு கையால் இழுக்க வேண்டும். கல்லை நெம்பக் கூடாது. மண்தரையில் உழவாரத்தைக் கிடைமட்டமாகத் தள்ளி, ஒரு விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் செதுக்க வேண்டும். ஆழமாகப் போனால் மழையில் மண் கரைந்து பிராகாரம் பள்ளமாகும்.

இதற்கெல்லாம் நல்ல காலம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை முடிந்து மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும்.

சுவரிலும் விமானத்திலும் முளைக்கிற அரசு, ஆல், வேம்பு வேறு விஷயம். பறவை எச்சத்தில் விழுகிற விதை, சுதைக்கும் செங்கல்லுக்கும் நடுவில் வேர்விடும். மேலே தெரிகிற கன்று ஒரு முழம்தான் இருக்கும், உள்ளே வேர் பல முழம் ஓடியிருக்கும். அதைப் பலமாக இழுத்தால் சுதை உருவத்தின் கையோ தலையோ கூடவே வந்துவிடும். மேலோடு வெட்டிவிட்டால் ஒரு தண்டு இருந்த இடத்தில் நான்கு தண்டு கிளம்பும், வேர் தடிக்கும், பிளவு பெரிதாகும். ஆகவே புதியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தரையில் நின்றபடி படம் எடுத்து, எந்தப் பக்கம், எந்தத் தளம் என்று குறித்து அலுவலகத்தில் கொடுப்பது. ஸ்தபதி (கோயில் சிற்பி) வந்து வேரை முறையாக அழித்து இடுக்கை அடைப்பார். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு செடியை விட்டுவிட்டுப் போவதா’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். கோயில்களுக்கு அன்பர்கள் செய்த சேதத்தில் பெரும்பங்கு அந்தக் குரலைக் கேட்டுச் செய்ததுதான். தெரியாத வேலையைத் தெரியாது என்று விட்டுவருவது இந்தப் பணியில் கற்கக் கடினமான பாடம், மண்வெட்டி பிடிப்பதைவிடக் கடினம்.

தல விருட்சத்தில் காய்ந்த கிளையைக்கூடக் கேட்காமல் வெட்டாதீர்கள்.

புதரை வெட்டும் முன் நீளமான கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள்; பாம்பு அதிர்வுக்கு விலகும். மதிலுக்கு வெளியே புதர் வெட்டும்போது மூடிய காலணி கட்டாயம். உள்ளே வெறுங்கால் என்பதால், கண்ணாடிச் சில்லு, முள் இருக்கிற இடத்தை முதலில் கூட்டிவிட்டுப் பிறகே மற்றவர்களை இறக்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கதண்டுக் (பெரிய குளவி) கூடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்து வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். வௌவால் எச்சம் நிறைந்த மண்டபத்தைக் காய்ந்தபடி கூட்டக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துவிட்டு அள்ள வேண்டும்.

தூண், கல்வெட்டு, விளக்கு

விளக்கு வைத்து வைத்து எண்ணெய் ஏறிய தூணில் இரும்புக் கரண்டியோ கம்பி பிரஷ்ஷோ படக் கூடாது. முதலில் மூங்கில் சீவலாலோ கொட்டாங்கச்சி விளிம்பாலோ கெட்டிப்பட்ட பிசுக்கைச் சுரண்டுங்கள். பிறகு அரிசி மாவை உலர்வாகத் தூவித் தேய்த்து, கால்மணி நேரம் விடுங்கள். மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதைத் தட்டிவிட்டு, சூடான தண்ணீரில் குழைத்த சீயக்காயைத் தேங்காய் நாரில் தொட்டு வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு தூணுக்கு 200 கிராம் தூள் ஆகலாம். முதலில் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குச் செய்து பார்த்துவிட்டுத் தொடருங்கள். பழைய வண்ணம் பூசிய இடத்திலும், சுதையிலும், சிற்பத்தின் கண் மூக்கு பக்கத்திலும் இந்த வேலையே வேண்டாம். ஆசிட் கல்லைத் தின்றுவிடும். மணல்வீச்சு மேல்தோலை உரித்துவிடும். இரண்டுமே பார்க்கப் புதிதாக இருக்கும். அந்தப் புதுமைதான் ஆபத்து.

அதிட்டானத்திலும் (கோயிலின் அடிப்பீடம்) சுவரிலும் எழுத்து இருந்தால், உழவாரம், சுண்ணாம்பு, நார் மூன்றும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்துங்கள். படிக்கத் தெரியவில்லை என்பதால் அது வெறும் கீறலாகிவிடாது. அந்த வரியில் ஒருவர் அணையாமல் எரிகிற ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூறு ஆடு கொடுத்த செய்தி இருக்கலாம்.

மண்ணில் சிலையோ செப்பேடோ காசோ கிடைத்தால் தோண்டுவதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், படம் எடுத்துப் பரப்பாதீர்கள். செயல் அலுவலருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எந்தப் புதையலையும் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். திருப்புகலூரில் நாவுக்கரசர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் மின்னியபோது, அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தாலேயே வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். நாம் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது, அது கையில் தங்கக் கூடாது என்பது.

பித்தளை விளக்குகளை வெந்நீரில் ஊறவிட்டு, பிசுக்கைத் துடைத்தபின் புளியால் தேய்த்துக் கழுவி உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். செம்புப் பாத்திரத்துக்குப் புளியோடு கொஞ்சம் உப்பு. செம்பை எவ்வளவு துலக்கினாலும் களிம்பு மறுபடி ஏறும். உயிரோடு ஆணவம் இருக்கிற விதத்துக்குச் சித்தாந்தம் எடுத்த உவமை இதேதான்: செம்பில் களிம்பு. வெளியிலிருந்து ஒட்டியது அல்ல, செம்பு இருக்கிற அன்றே அதனோடு இருப்பது. ஒருமுறை துலக்கிவிட்டு ‘எனக்குப் போய்விட்டது’ என்று சொல்கிறவர் செம்புப் பாத்திரம் துலக்காதவர்.

யாரும் பார்க்காத வேலை

ஒரு கோயிலுக்கு ஒரு நாளில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை எது என்று கேட்டால், தூம்புகளின் அடைப்பை எடுப்பது. மேல்தளத்து மழைநீர் வழி சருகால் அடைபட்டால் தண்ணீர் தேங்கும், தளவோடு ஊறும், கூரைக் கல் இடுக்கில் ஈரம் இறங்கும், அந்த ஈரத்தில்தான் அரசங்கன்று வேர் பிடிக்கும். படிக்கட்டும் அனுமதியும் இருந்தால் மட்டும் மேலே ஏறி, சருகை அள்ளிச் சாக்கில் கட்டி இறக்குங்கள், மேலிருந்து கொட்டாதீர்கள். பிறகு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே வந்து சேர்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். அபிஷேக நீர் வந்து விழுகிற கோமுகித் தொட்டியையும் இப்படியே.

முன்பும் பின்பும் என்று படம் போட இதில் ஒன்றும் இல்லை. அதனாலேயே குழுக்கள் இதைக் கடைசிக்குத் தள்ளுகின்றன, கடைசியில் நேரம் இருப்பதில்லை. நீங்கள் காலை முதல் வேலையாக இதை வையுங்கள்.

திருவாரூர்த் தாண்டகத்தில் நாவுக்கரசர் பணியின் வரிசையையே சொல்கிறார்: புலர்வதன் முன் அலகிடுதல், மெழுகுதல், பூமாலை புனைதல், புகழ்ந்து பாடுதல், தலையாரக் கும்பிடுதல், கூத்தாடுதல். அலகிடுவது முதலில், பாடுவது பிறகு. அதுவும் விடிவதற்கு முன், பார்க்க ஆளில்லாத நேரத்தில். அந்தப் பாட்டில் அவர் அழைப்பது ஊராரை அல்ல. ‘நெஞ்சே நீ வா’ என்று தம் நெஞ்சை மட்டும்.

படம் எடுப்பதை முழுக்க விலக்கச் சொல்லவில்லை. அலுவலகத்துக்கும் ஸ்தபதிக்கும் அது தேவை. எங்கள் பரிந்துரை இது: குழுவில் ஒருவர் கைபேசி மட்டும் வெளியே இருக்கட்டும், படத்தில் இடம் தெரியட்டும், முகம் தெரிய வேண்டாம். முகமில்லாத படத்தைப் பகிர ஆசை தானாகக் குறைந்துவிடும்.

வாயில் வருகிற ஆணவம்

உள்ளூர்க்காரர்களிடம், “இவ்ளோ நாள் இதை யாருமே பாக்கலியா?” என்று கேட்பதுதான் மிக அதிகமாக நடக்கிற தவறு. ஒரு நாள் வந்தவர் முப்பது வருடம் விளக்கேற்றியவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. வாய் தவறிக் கேட்டுவிட்டால், அன்றே, கிளம்பும் முன்பே, அவரிடம் போய் “தப்பா கேட்டுட்டேன், மன்னிச்சிடுங்க” என்று சொல்லிவிடுங்கள். குழுவின் மறுவருகை அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

எண்ணிக்கை இன்னொன்று. பாடல் பெற்ற தலங்கள் 276-இல் எத்தனை முடித்தேன், இது எத்தனையாவது கோயில், கழுத்தில் எத்தனை உருத்திராக்கம் என்ற பேச்சு. புதியவரைச் சுருங்கவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. எண்ணிக்கை குழுவின் பதிவேட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது, பணிவு போலவே உடுத்திக்கொண்டு வருவது. ‘அடியேன்’ என்ற சொல்லை வாக்கியத்துக்கு இருமுறை சொல்வது, நன்றி சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு “ஐயையோ, எல்லாம் அவன் செயல்” என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி மறுப்பது, எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிடுவேன் என்று பந்தியைக் காக்கவைப்பது. நன்றி சொன்னால் “சரிங்க ஐயா, சிவாயநம” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள். சோறு போட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

திருப்பூந்துருத்திக்கு ஞானசம்பந்தர் சிவிகையில் (பல்லக்கில்) வந்தபோது, அவரைவிட வயதில் மிக மூத்த நாவுக்கரசர் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து சிவிகையைச் சுமந்துகொண்டிருந்தார். ‘அப்பர் எங்கே’ என்று சம்பந்தர் கேட்டபிறகுதான் கீழேயிருந்து பதில் வந்தது. கேட்கும்வரை அவர் தெரிவிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டபோது ஒளிந்துகொள்ளவும் இல்லை. பணிவுக்கு இந்த இரண்டு பக்கமும் வேண்டும்.

பரிவட்டமும் முதல் பிரசாதமும் குழுத் தலைவருக்கு வரும். வந்தால் அன்று முதல்முறை வந்தவருக்குக் கட்டச் சொல்லுங்கள். தலைமையையும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கோயிலின் பெயரைச் சொல்லி அனுமதியின்றிப் பணம் திரட்டக் கூடாது. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, கருவிகள் என்று குழுவுக்குள் சேர்த்த பணத்துக்கு ரசீதோடு கணக்கு எழுதி, அன்று மாலையே எல்லோருக்கும் வாசித்துவிடுங்கள். கணக்குக் கேட்டால் கோபம் வருகிறவரிடம் பணப்பொறுப்பு இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு பெரிய அடியாரானாலும்.

ஆர்வம் மிகுந்து சாத்திரம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற அருணந்தி சிவம், திருவெண்ணெய்நல்லூரில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இளைஞரான மெய்கண்டாரிடம் போய், ஆணவ மலத்தின் வடிவம் எது என்று கேட்டதாகவும், மெய்கண்டார் வாய் திறக்காமல், எதிரே நின்றிருந்த அவரையே சுட்டிக் காட்டியதாகவும் சைவ மரபில் சொல்வார்கள். பண்டிதர் அந்த இடத்திலேயே காலில் விழுந்து மாணவரானார். படிப்பை விடச் சொல்லி இந்தக் கதையைச் சொல்வதில்லை. அதன்பின் அவர் எழுதியதுதான் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல்.

முடிக்கும்போது

நிர்மாலியப் பூவையும் செதுக்கிய புல்லையும் நந்தவனத்து ஓரத்தில் குழி வெட்டி மட்கவிடுங்கள். குளத்தில் போட வேண்டாம், பிராகாரத்தில் எரிக்கவும் வேண்டாம். பிளாஸ்டிக்கைத் தனிச் சாக்கில் கட்டி ஊராட்சிக் குப்பை எடுக்கிற இடம் வரை நீங்களே கொண்டுபோங்கள். மதிலுக்கு வெளியே குவித்துவிட்டுப் போனால் கோயில் சுத்தம், தெரு அசுத்தம். பின்னமான சிலைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நந்தவனத்தில் இடமிருந்தால் வில்வம், நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி என்று, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிற அளவுக்கு மட்டும் நடுங்கள். ஐந்து செடி நட்டு ஐந்தும் பிழைப்பது, ஐம்பது நட்டுப் படம் எடுப்பதைவிட மேல்.

கிளம்பும் முன் கூட்டுகிற அம்மாவையும் மெய்க்காவலரையும் உடன் அழைத்து ஒரு சுற்று வாருங்கள். எதைச் செய்தோம், எதை விட்டோம், எது எங்களால் உடைந்தது என்று சொல்லுங்கள். உடைந்ததைச் சொல்லாமல் போன குழுவுக்கு மறுமுறை கதவு திறக்காது.

மதில்களிலும் துண்டறிக்கைகளிலும் ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்ற அடியைப் பார்த்திருப்பீர்கள். நாவுக்கரசரின் கடம்பூர்ப் பாட்டின் கடைசி அடி அது. அதற்கு முந்தைய அடியை யாரும் எழுதிப்போடுவதில்லை: ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல்’. அடியேனை அல்ல, அடியேனை‘யும்’. அந்த ‘உம்’ இல்லாமல் கடைசி அடியை மட்டும் எடுத்துக்கொண்டால், பணி நம் பெருமையாகிவிடும்.

உழவாரத்தின் அலகைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி வையுங்கள். கைப்பிடி மரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறைக்கு நாள் குறிக்கும்போது, சித்திரைச் சதயம் நாவுக்கரசர் குருபூசை என்பதால் அன்று போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று கூட்டம் இருக்கும், மேளம் இருக்கும், ஆளுக்கு ஆள் துடைப்பம் எடுப்பார்கள். நீங்கள் முந்தின நாள் போங்கள். குருபூசைச் சமையல் தொடங்குவதற்குள் மடைப்பள்ளி வாய்க்கால் ஓட வேண்டும்.